யாரோடு பேசப் போகிறாய்?

பாம்பூஃப்ளாட் துறையில் சாத்தம் செல்லும் படகுக்காக நாம் காத்திருந்த ஒரு மாலைப்பொழுதில், பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்த பெண்ணொருத்தி, கல்லூரியில் ஸ்பானிய மொழியும் இலக்கியமும் பயில விரும்புவதாகக் கூறினாள். "படித்துவிட்டு யாரோடம்மா பேசப் போகிறாய்?" என்று நம்முள் ஒருவர் வினவினார். எல்லோரும் நகைத்தோம். "சரி மாமா" என்று சொல்லி அவள் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். இன்று அவள் வணிகவியல் பயில்கிறாள். வணிகவியல் குற்றமன்று, நம் நகைப்புத்தான் குற்றம்.

நகைத்த நாம் யார்? இராமநாதபுரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்களின் மக்கள். கடைத்தெருவில் இந்தி, அடுத்த வீட்டில் மலையாளம், படகில் வங்காளமும் தெலுங்கும் என வாழ்கிறோம். எந்தக் கல்லூரியும் கற்பியாமலே நம் சிறுவர் மூன்று நான்கு மொழிகளில் சண்டையிடவும் சமாதானம் பேசவும் அறிவர். இத்தகைய செவி வாய்த்த பிள்ளையிடம் "இன்னொரு மொழி உனக்கெதற்கு?" என்பது, நீந்தத் தெரிந்தவனைக் கரையில் கட்டிப்போடுவதாகும்.

"வேலை கிடைக்குமா?" என்பார்க்கு நீண்ட விடை வேண்டா. ஏறத்தாழ 50 கோடி மக்களின் தாய்மொழி அது. 20 நாடுகளில் ஆட்சிமொழி. மொழிபெயர்ப்பும் சுற்றுலாவும் வாணிகமும் அம்மொழி அறிந்தாரைத் தேடுகின்றன. இந்திய அயலுறவுப் பணியில் சேர்வோர்க்குப் பயிற்றுவிக்கப்பெறும் மொழிகளுள் அதுவும் ஒன்று. பொறியியல் கற்ற நம் பிள்ளைகள் அனைவர்க்கும் வேலை கிடைத்துவிட்டதா என்று நாம் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் துறைமேடையில் மனக்கசப்பு உண்டாகும்.

நாம் எதிர்க்க வேண்டிய வாதம் வேறொன்று. "எல்லாம் ஆங்கிலத்தில் கிடைக்கிறதே, மூலமொழி எதற்கு?" என்பது அது. கற்றவர் வாயிலிருந்தே வருவதால் இது மிகவும் கேடானது. கார்சியா மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' ஸ்பானியத்தில் வெளிவந்தது 1967 இல். போர்ட் பிளேயரில் ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி தோன்றியதும் அவ்வாண்டே. அந்நாவல் ஆங்கிலத்துக்கு 1970 இல் சென்றது. ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு 2013 இல் வந்தது. கொணர்ந்தோர் உழைப்பை வணங்குகிறோம். ஆயினும் இடையில் நிற்கும் ஆங்கிலம் எதை விழுங்கிவிடுகிறது என்பதைக் காண வேண்டும்.

ஸ்பானியத்தில் 'தூ' என்றால் நீ. 'உஸ்தெத்' என்றால் நீங்கள். ஆங்கிலத்திலோ இரண்டும் ஒரே சொல். ஆகவே மகன் தந்தையை எவ்வாறு விளித்தான் என்பது ஆங்கிலத்தில் மறைந்துபோகிறது. தமிழில் பெயர்ப்பவர் ஊகித்தே எழுதுகிறார். கொலம்பியாவின் சில பகுதிகளில் கணவனும் மனைவியுமே ஒருவரையொருவர் மரியாதைச் சொல்லால் அழைப்பர் என்பதை அந்த ஊகம் எட்டிப்பிடிக்குமா? 'மெ குஸ்தா எல் மார்' என்றால் 'எனக்குக் கடல் பிடிக்கும்' என்பதே; நமது நான்காம் வேற்றுமை அங்கே அப்படியே அமர்ந்திருக்கிறது. 'பெங்கோ' என்னும் ஒரு சொல்லில் 'வருகிறேன்' முழுவதும் அடங்கிவிடும், 'நான்' தேவையில்லை. 'பெரோ' என்றால் ஆனால். 'பெறோ' என்றால் நாய். இடையின ரகரத்தையும் வல்லின றகரத்தையும் நம் பேச்சு மழுங்கடித்துவிட்டாலும், எழுத்தில் அவ்வேறுபாட்டைக் காத்துவைத்திருக்கும் தமிழ்ப்பிள்ளைக்கு இது புதிதாகுமா? பொருள்களுக்கெல்லாம் ஆண்பால் பெண்பால் கற்பிக்கும் அம்மொழியின் வழக்கம் நம்மை அலைக்கழிக்கும் என்பது மெய்தான். மேசையைப் பெண்ணாகக் கருத நமக்குச் சில திங்கள் பிடிக்கும்.

மறுபுறத்தையும் பாருங்கள். மெக்சிகோவின் கவிஞர் ஒக்தாவியோ பாஸ் 1962 முதல் 1968 வரை தில்லியில் தம் நாட்டுத் தூதராக இருந்தார். 1990 இல் நோபல் பரிசு பெற்றார். 1969 இல் வெளிவந்த அவரது 'கிழக்குச் சரிவு' தொகுப்பில் மதுரை, உதகமண்டலம் என நம் ஊர்ப்பெயர்களையே தலைப்பாகக் கொண்ட கவிதைகள் உள்ளன. மதுரையைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உள. தன் ஊரைப் பற்றி அவர் எழுதியதை அவர் எழுதிய சொற்களிலேயே படிக்கவல்ல ஒருவர் இக்கரையில் உண்டா?

"முதலில் தமிழைக் காப்போம்" என்பாரும் நம் சங்கத்திலேயே உளர். நம் வீட்டுத் தமிழை இங்கே தேய்ப்பது இந்தியும் ஆங்கிலமும் அன்றோ? செர்வாந்திஸ் என்ன தீங்கு செய்தார்? பாரதியின் கட்டளையை மேடையில் முழங்கிவிட்டு, எட்டுத் திக்கில் ஒரு திக்குக்குச் செல்லத் துணிந்த பெண்ணைத் துறைமேடையில் தடுத்தவர்கள் நாமே.

இத்தீவுகளில் அக்கல்வி இல்லை. தில்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா, ஐதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் ஸ்பானியத்தில் இளங்கலைப் பட்டம் பயிலலாம். எழுத்தறிமுகம்கூட இல்லாமல் புகும் மாணவர்க்கு முதலெழுத்திலிருந்தே தொடங்குவர். சென்னைக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள், அப்பால் இருப்பூர்தி. அச்சம் மொழியைப் பற்றியதன்று, தொலைவையும் செலவையும் பற்றியது என்று பெற்றோர் ஒப்புக்கொண்டால் அது நேர்மையாகும். அதற்கு மாற்றும் உண்டு. ஆண்டுவிழாவின் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் கப்பற் கட்டணத்தையும் முதலாண்டு விடுதிச் செலவையும் சங்கம் ஏற்கட்டும். அந்தப் பெண்ணின் தம்பி இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறான். அவனிடம் இன்னும் எவரும் எதுவும் கேட்கவில்லை.