சாம்பலும் சாட்சி சொல்லும்

சில யுத்தங்களுக்கு நினைவுத் தூண்கள் உண்டு. ஆண்டுதோறும் மலர்வளையம் உண்டு. வேறு சில யுத்தங்களுக்கு யுத்தம் என்ற பெயர்கூடக் கிடையாது. கென்யாவில் 1952 அக்டோபர் முதல் 1960 ஜனவரி வரை பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் நடத்தியது அத்தகைய யுத்தம். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘அவசர நிலை’!

கிகுயு விவசாயிகளின் வளமான மேட்டுநிலங்கள் வெள்ளைப் பண்ணையார்களின் உடைமையாகிவிட்டிருந்தன. பறிபோன நிலத்தைத் திரும்பக் கேட்டவர்கள் கடைசியில் ஆயுதம் எடுத்தனர். ‘மௌ மௌ காட்டுமிராண்டிகள்’ என்று லண்டன் பத்திரிகைகள் ஓலமிட்டன. அந்த ஆண்டுகளில் கொல்லப்பட்ட வெள்ளைக் குடியேறிகள் 32 பேர். தூக்கிலிடப்பட்ட ஆப்பிரிக்கர்கள் 1,090 பேர். பத்து லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள் சொந்த வீடுகளிலிருந்து விரட்டப்பட்டு, முள்வேலிக் கிராமங்களில் அடைக்கப்பட்டனர். காட்டுமிராண்டிகள் யார்?

1959 மார்ச் 3ம் தேதி ஹோலா முகாமில் 11 கைதிகள் அடித்தே கொல்லப்பட்டனர். தண்ணீர் குடித்ததால் மாண்டனர் என்று சர்க்கார் முதலில் அறிவித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த கதைதான். மரண விசாரணை அந்தப் பொய்யைக் கிழித்தெறிந்தது.

கொலை செய்தவனே கணக்குப்பிள்ளையாகவும் இருந்தால் உண்மை வெளிவருவது எப்படி? அண்மைக்கால ஆராய்ச்சியாளர்கள் இதற்கு வழி காட்டியிருக்கின்றனர்.

முதல் வழி, கொன்றவனின் ஏட்டையே புரட்டுவது. டேவிட் ஆண்டர்சன் விசேஷ நீதிமன்றங்களின் வழக்குக் கட்டுகளை ஆராய்ந்து 2005ல் நூல் வெளியிட்டார். தூக்கிலிடப்பட்டோரில் கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினரே. மற்றவர்கள் செய்த ‘குற்றம்’ ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தது, போராளிகளுடன் சேர்ந்திருந்தது, சத்தியப் பிரமாணம் செய்துவைத்தது!

இரண்டாவது வழி, உயிர் தப்பியவர்களிடம் கேட்பது. கரோலின் எல்கின்ஸ் கிராமம் கிராமமாகச் சென்று முதியவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டினார். கிழவர்களின் பேச்சு சரித்திரமாகுமா என்று முகம் சுளித்த பேராசிரியர்களும் உண்டு.

மூன்றாவது வழி, ஜனத்தொகைக் கணக்கு. இருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர், இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பது. சாவு லட்சக்கணக்கில்கூட இருக்கலாம் என்று எல்கின்ஸ் எழுதியிருந்தார். ஜனத்தொகை நிபுணர் ஜான் பிளாக்கர் 2007ல் அதை மறுத்தார். அவர் கண்ட கணக்கு சுமார் 50,000. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்! எண் குறைந்ததால் குற்றம் குறைந்ததா? இல்லை. முள்வேலிக்குள் பட்டினியும் நோயும் யாரைத் தின்றன என்பது அப்போதுதான் துலங்கிற்று. மிகைப்படுத்திச் சொன்னால் எதிரிக்கு அது தப்பிக்கும் வழியாகும். சரியான கணக்கோ அவனுக்குத் தூக்குக் கயிறு.

ஏடுகளுக்கு நேர்ந்த கதி என்ன? ஆட்சியைக் கைவிடும் முன், பிரிட்டிஷ் சர்க்காருக்குச் சங்கடம் தரக்கூடிய காகிதங்கள் புதிய சர்க்கார்களின் கைக்குப் போகக்கூடாது என்று 1961ல் குடியேற்றநாட்டு மந்திரி உத்தரவிட்டார். எரித்த காகிதத்தின் சாம்பலையும் தூளாக்க வேண்டும். இல்லையேல் பளுவேற்றிய பெட்டியில் அடைத்து ஆழ்கடலில் போட வேண்டும். இதுவே அதிகாரவர்க்கத்தின் கட்டளை. எஞ்சியவை விமானத்தில் லண்டன் சென்றன.

சித்திரவதைக்கு ஆளான ஐந்து முதிய கென்யர்கள் 2009ல் லண்டன் நீதிமன்றத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் மீது வழக்குத் தொடுத்தனர். அந்த வழக்கின் நெருக்குதலில்தான், ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் ஒளித்துவைத்திருந்த சுமார் 1,500 கென்யக் கோப்புகள் 2011ல் வெளிவந்தன. கூடவே, 37 முன்னாள் குடியேற்ற நாடுகளின் ஆயிரக்கணக்கான கோப்புகளும் அங்கிருந்தது அம்பலமாயிற்று. மலாயாவும் அவற்றில் ஒன்று. தமிழ்த் தொழிலாளர் ரத்தம் சிந்திய மண் அது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4ம் தேதி ஏகாதிபத்தியம் தூக்கிலிட்ட மண் அது.

கென்யக் கோப்புகள் முதியவர்களின் வாய்மொழிக்கு வலுச் சேர்த்தன. 2013 ஜூன் 6ம் தேதி பிரிட்டிஷ் வெளிநாட்டு மந்திரி பார்லிமெண்டில் எழுந்து, சித்திரவதை நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். 5,228 பேருக்கு நஷ்டஈடு; வழக்குச் செலவு உட்பட மொத்தம் 1 கோடியே 99 லட்சம் பவுன். ஆயினும் சட்டப்படி தனக்குப் பொறுப்பில்லை என்றே சர்க்கார் சாதித்தது. வருந்துவார்களாம், பொறுப்பேற்க மாட்டார்களாம்!

பூட்டிய அலமாரியைத் திறந்தது ஏகாதிபத்தியத்தின் மனச்சாட்சி அல்ல. முதியவர்களின் உறுதியும், அதற்குத் துணை நின்ற நேர்மையான ஆராய்ச்சியுமே திறந்தன. மறக்கப்பட்ட படுகொலைகள் இன்னும் எத்தனையோ உண்டு. அவற்றின் சாட்சிகள் நாளுக்கு நாள் மறைந்து வருகின்றனர். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். தேதியோடும் ஊரோடும் எழுதி வையுங்கள். ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். காகிதத்தை எரித்தவன் சாம்பலைத் தூளாக்கலாம். ஜனங்களின் நினைவைத் தூளாக்க அவனால் இயலாது.