கனவு இல்லத்துக்கு 3.50 லட்சம்... மீதிப் பணத்துக்கு எங்கே போவது?

மதுரை - திருச்சி நான்குவழிச் சாலையில் மேலூரைத் தாண்டிப் போனால் கொட்டாம்பட்டி. சுற்றிலும் பாறையும் குன்றும்தான். கல்லுக்குப் பஞ்சமே இல்லாத ஒன்றியம். ஆனால், அங்கே ஒரு சின்ன வீடு கட்ட நினைக்கும் கூலிக் குடும்பத்துக்கு ஜல்லி வாங்கவே மூச்சு முட்டுது. (மேலூர் வட்டாரத்து கிரானைட் விவகாரம் 2012-ல் வெடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தப் பளபளப்பான கல் போன இடம் வேறு.)

கிராமத்தில் குடிசையை மாற்ற அரசு பணம் தருகிறதே, பிறகென்ன பிரச்சினை?

தருகிறது. 2024 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தின் இலக்கு, 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள். வீட்டின் அளவு 360 சதுர அடி, தொகை 3.50 லட்சம் ரூபாய். நல்ல திட்டம்தான். ஆனால் வகுத்துப் பாருங்கள்: சதுர அடிக்கு 972 ரூபாய்தான் வருது. ரொம்பச் சிக்கனமாக 1,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் வீட்டை முடிக்க 6.48 லட்சம் வேண்டும். கிட்டத்தட்ட 3 லட்சம் துண்டு விழுகிறது.

மத்திய அரசின் பிரதமர் வீடு கட்டும் திட்டம் இன்னும் மோசம். 2016-ல் தொடங்கியபோது சமவெளிப் பகுதிக்கு நிர்ணயித்தது 1.20 லட்சம். 2024-ல் திட்டத்தை 2029 வரை நீட்டித்தார்கள். தொகையை மட்டும் தொடவே இல்லை. கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு தன் பங்குக்குக் கூடுதலாகப் பணம் போட்டுத்தான் ஓட்டுகிறது.

இந்த இடைவெளியில் விலைவாசி சும்மா இருந்ததா என்ன? ஆற்று மணல் சாதாரண ஆட்களின் கைக்கு எட்டாத பொருளாகி, கொத்தனார்கள் எல்லாம் எம்-சாண்டுக்கு மாறிவிட்டார்கள். 2025 ஏப்ரலில் கனிம நிலங்களுக்கான புது வரி வந்ததும் எம்-சாண்ட், ஜல்லி விலை எகிறியது. குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தமும் செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18-க்குக் குறைந்தது ஓர் ஆறுதல். ஆனால் கம்பிக்கு அதே 18 சதவீதம்தான். கொத்தனார், சித்தாள் கூலிக்கு எந்தக் கவுன்சிலும் சலுகை தர முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல், பணம் வரும் விதம். பேஸ்மட்டம் முடிந்தால் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்தால் அடுத்தது, கூரை போட்டால் இன்னொன்று. அதாவது, முதலில் கட்டிக் காட்டணும், அப்புறம்தான் பணம். நூறு நாள் வேலைக்குப் போகிறவரிடம் வானம் தோண்டி, கல் இறக்க ரொக்கம் ஏது? மகளிர் குழுக் கடன், நகைக்கடன், அதுவும் இல்லையென்றால் வட்டிக்காரர். ஏழைக்கு வீடு தரும் திட்டம், முதல் நாளிலேயே அவரைக் கடன்காரர் ஆக்குவது என்ன நியாயம்?

பட்டா இல்லாதவர் நிலைமை இன்னும் பாவம். புறம்போக்கில் தலைமுறையாகக் குடியிருப்பவர் பெயர் இந்தப் பட்டியலுக்கே வராது. குடிசை இருக்கும், கஷ்டம் இருக்கும், காகிதம் இருக்காது. சாலையோர நிலமெல்லாம் பிளாட் ஆகிவரும்போது, சொந்தமாக 3 சென்ட் வாங்குவது அவருக்கு வீடு கட்டுவதைவிடக் கஷ்டம்.

அரசு தன் அலுவலகத்தைக் கட்டும்போது பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலைப் பார்த்துத்தான் மதிப்பீடு போடுகிறது. அந்தப் பட்டியல் ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. தாலுகா ஆபீஸுக்கு ஏறும் சிமென்ட் விலை, கொட்டாம்பட்டிக் குடிசைக்காரருக்கு மட்டும் ஏறாதா? வீட்டுத் தொகையையும் அதே பட்டியலோடு இணைக்கலாம். 8 லட்சம் என்ற எண்ணிக்கையைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலும் பரவாயில்லை. முதல் தவணையை வேலை தொடங்கும் முன்பே வங்கிக் கணக்கில் போடுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.