ஓடுதுன்னா விட்டுடலாமா?

"ஓடுற வரைக்கும் கை வைக்காதே" - நம்ம லேப் வேதவாக்கு இது. கரிக்கலாம்பாக்கத்துல வீட்டுல உட்கார்ந்து, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இருக்குற லேப்டாப்பை அப்கிரேட் பண்ணப் பயந்தவன்தான் நானும்.

ஆனா ஃபெடோரா கதையைப் பாருங்க. எந்தெந்த சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகியிருக்குன்னு ஆர்பிஎம் குறிச்சு வைக்கிற டேட்டாபேஸ், பல வருஷமா பெர்க்லி டிபி. 2013-ல் ஆரக்கிள் அதன் லைசென்ஸை மாற்றியது. ஃபெடோரா பழைய வெர்ஷனிலேயே நின்றது. அதைப் பராமரிக்க ஆள் இல்லை. முழுசா உடையும் வரை அவங்க காத்திருக்கல. 2020 அக்டோபரில் வந்த ஃபெடோரா 33, நம்ம ஆண்ட்ராய்டு போன்ல இருக்குற அதே எஸ்கியூலைட்டுக்கு மாறிடுச்சு.

பயம் நியாயம்தான். அந்த டேட்டாபேஸ் கெட்டா அடுத்த அப்டேட்டே போட முடியாது. அதுக்கு மருந்து பேக்கப், தள்ளிப்போடுறது இல்ல.

உங்க ப்ராஜெக்ட்ல இருக்குற ஒவ்வொரு லைப்ரரியையும் இன்னைக்கே கேளுங்க: உன்னைக் கடைசியா யார் தொட்டது?