உறையை மட்டும் துவைத்தால் போதுமா?

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். படுக்கையில் கிடக்கும் தலகாணியை எடுத்து, உறையைக் கழற்றிப் பாருங்கள். மஞ்சள் மஞ்சளாக வட்டம் தெரியும். நம் தலை எண்ணெய், வியர்வை, பிள்ளையின் வாய்நீர் எல்லாம் உறையைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்கும். "உறையைத்தான் வாரம் தவறாமல் துவைக்கிறோமே" என்பீர்கள். பானையைக் கழுவாமல் மூடியை மட்டும் கழுவி வைத்த கதைதான் அது.

உடனே தூக்கித் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். நான் சொல்ல வந்ததே அதுதான். தலகாணி விஷயத்தில் துவைப்பது சின்ன வேலை, காயவைப்பதுதான் பெரிய வேலை. அழுக்குத் தலகாணியைவிட அரைகுறையாகக் காய்ந்த தலகாணி ரொம்பக் கெடுதல். இதை நான் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் லயத்து வீட்டில் குடியிருந்த காலம். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டையெல்லாம் ஒதுக்கிச் சுத்தம் செய்தேன். அந்த வேகத்தில் நாலு இலவம்பஞ்சுத் தலகாணியையும் சவுக்காரத் தூள் போட்டு ஊறவைத்துவிட்டேன். மழை மாதம். காலையில் வெயில் காட்டும், பிற்பகலில் இடியோடு கொட்டும். மூன்று நாள் அஞ்சடியில் போட்டு எடுத்தேன். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. உறை மாட்டிப் பண்டிகைக்குப் போட்டுவிட்டேன். என் மாமியார் பார்த்துவிட்டு, "இலவம்பஞ்ச யாராச்சும் தண்ணியில போடுவாங்களாம்மா?" என்றார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

பத்து நாளில் ஈரக் கோணிச் சாக்கு வாடை. சின்னவனுக்கு ராத்திரியில் இருமலும் இழுப்பும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் மருந்து கொடுத்துவிட்டு, "படுக்கையில் என்னம்மா மாற்றினீர்கள்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து தையலைப் பிரித்தேன். பஞ்சு கட்டி கட்டியாக உருண்டு, நடுவில் கறுப்புப் புள்ளி பூத்துக் கிடந்தது. தலகாணியால்தான் இழுப்பு வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இழுப்புக்குக் காரணம் பல. ஆனால் அந்த நாலையும் கொளுத்திய பிறகு பிள்ளை நிம்மதியாகத் தூங்கினான்.

இலவம்பஞ்சு, மலாய்க்காரர்கள் கெக்காபு என்கிறார்களே, அது பருத்தி மாதிரி அல்ல. அதன் இழை உள்ளே குழாய் போல வெற்றாக இருக்கும், மேலே மெழுகு பூசினாற்போல் ஒரு வழவழப்பு. அதனால்தான் தண்ணீரில் மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைக்குள் இந்தப் பஞ்சைத்தான் அடைத்தார்கள். சவுக்காரம் போட்டுக் கசக்கினால் இழை நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு பழைய உப்பலுக்கு வராது. ஆகவே இன்னும் இலவம்பஞ்சுத் தலகாணி வைத்திருப்பவர்கள் தையலைப் பிரித்துப் பஞ்சைப் பெரிய துணிப்பையில் கொட்டி, வாயைக் கட்டி, வெயிலில் போட்டுத் தட்டி எடுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு செய்யுங்கள். துணியை மட்டும் துவைத்துக் காயவைத்து, மறுபடி அடைத்துத் தைத்துவிடலாம். அடுப்புப் பக்கம் காயவைக்கவே கூடாது. பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும்.

இப்போது பெரும்பாலான வீடுகளில் இருப்பது கடையில் வாங்கும் செயற்கைப் பஞ்சுத் தலகாணி. இதைத் தாராளமாகத் துவைக்கலாம். கறை படிந்த இடத்தில் முதலில் கட்டிச் சவுக்காரத்தைத் தேய்த்து அரை மணி நேரம் விடுங்கள். எண்ணெய்க் கறை தண்ணீருக்கு அசையாது, சவுக்காரத்துக்குத்தான் அசையும். பிறகு பெரிய பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கொஞ்சமாகத் தூள் போட்டு, மாவு பிசைகிற மாதிரி அமுக்கி அமுக்கி எடுங்கள். தூள் அதிகம் போட்டால் அழுக்கு அதிகம் போகும் என்று நினைக்கிறோம். போகாது. தூள்தான் பஞ்சுக்குள்ளே தங்கும். நுரை நிற்கிற வரைக்கும் அலச வேண்டும், இரண்டு மூன்று தண்ணீர் ஆகும். வேட்டியை முறுக்குவது போல முறுக்கினால் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். தரையில் சுத்தமான துண்டை விரித்து, தலகாணியை அதன்மேல் வைத்து, கையால் அழுத்தித் தண்ணீரை வெளியேற்றுங்கள். மெஷின் இருந்தால் இரண்டு தலகாணியாகப் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து மெஷின் குதிக்கும். குளோராக்ஸ் போடுபவர்கள் அதோடு வினிகரைக் கலந்துவிடாதீர்கள், நெஞ்சை அடைக்கும் விஷக்காற்று வரும்.

காயவைக்கும் நாளை வானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மேற்குக் கரைப் பக்கம் பல மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை பருவமழை. புகைமூட்ட நாளிலும் வெளியே போடாதீர்கள். நல்ல வெயில் நாளாகப் பார்த்து விடியலிலேயே துவைத்துப் போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் பஞ்சு அடியில் இறங்கிவிடும். இரண்டு நாற்காலிக்கு நடுவே மூங்கில் கழிகளை நெருக்கி வைத்து அதன்மேல் படுக்கப் போடுங்கள், கீழேயும் காற்று போகும். மணிக்கொரு தடவை புரட்டி, கட்டியிருக்கும் பஞ்சைக் கையால் பிரித்துவிட வேண்டும். மழை வந்து கெடுத்துவிட்டால் டவுனில் காசு போடும் டோபிக் கடைக்குக் கொண்டுபோய் மிதமான சூட்டில் உலர்த்துவதே மேல். சில வெள்ளி செலவாகும், பூஞ்சணம் பிடித்துப் புதுத் தலகாணி வாங்குவதைவிடக் குறைவுதான்.

காய்ந்ததா என்று மேலே தொட்டுப் பார்த்தால் தெரியாது. என்னை ஏமாற்றியதே அதுதான். நடுவில் இரண்டு கையாலும் அழுத்தி, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம். காய்ந்தது என்று தோன்றினாலும் ஒரு ராத்திரி உறை போடாமல் வைத்து, காலையில் மோந்து பாருங்கள்.

ரப்பர் நுரைத் தலகாணி, அதாவது நாம் வெட்டிய பாலில் செய்தது, அது வேறு ஜாதி. பால் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெயிலில் கிடந்த ரப்பர் பிசுபிசுத்துப் போவதைப் பார்த்தவர்கள்தானே நாம்! அதை மெஷினில் போடாமல், வெயிலிலும் போடாமல், ஈரத்துணியால் துடைத்து நிழலில் காற்றாட வையுங்கள்.

இழுப்புள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. தலகாணிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி வளர்கிறது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதற்குச் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? இதன் கழிவுதான் பலருக்கு இழுப்பைக் கிளப்புகிறது. பச்சைத் தண்ணீர் அந்தக் கழிவை நிறைய அலசிவிடும், ஆனால் பூச்சியைக் கொல்லாது. அதற்கு 60 டிகிரிச் சூடு வேண்டும். பருத்தி உறைகளை வாரம் ஒருமுறை அந்தச் சூட்டில் அலசுங்கள், சுடுதண்ணீர் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். தலகாணி சுத்தமாகிவிட்டது என்று டாக்டர் கொடுத்த மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மருந்தடிக்கிற வேலை செய்பவர்களுக்கும் சொல்கிறேன். பாராகுவாட் 2020 முதல் நம் நாட்டில் தடை, ஆனால் வேறு களைக்கொல்லிகள் இருக்கத்தான் செய்கின்றன. வேலைவிட்டு வந்ததும் குளிக்காமல், அசதியில் அப்படியே தலையைச் சாய்த்துவிடுகிறோம். அந்தச் சட்டையையும் தலகாணி உறையையும் ஒரே பேசினில் ஊறவைப்பதும் உண்டு. இரண்டும் வேண்டாம்.

சரி, இவ்வளவையும் யார் செய்வது? விடிவதற்கு முன்னே பிரட்டுக்குப் போகிறவள் மணிக்கொரு தடவை தலகாணியைப் புரட்டுவது எப்படி? "பொம்பளைங்களுக்குச் சுத்தம் பத்தலை" என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. ஓய்வு நாளில் அஞ்சடியில் தாயம் உருட்டுகிற ஆண்பிள்ளைகள் நடுநடுவே எழுந்து தலகாணியைப் புரட்டினால் என்ன குறைந்துவிடும்?

காயவைக்கும் இடத்தையும் பேச வேண்டும். 2019-இல் திருத்திய 446-ஆம் சட்டத்தின் கீழ் 2020-இல் வந்த விதிகள், விடுதியில் தங்கும் தொழிலாளிக்கு முதலாளி கட்டிலும் மெத்தையும் தலையணையும் போர்வையும் கொடுக்க வேண்டும் என்கின்றன. தலையணை சட்டத்துக்குள் வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் அறை ஜன்னல் கம்பியில் ஈரத்துணியைத் தொங்கவிட்டுப் படுக்கிறவனிடம் சுத்தம் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சுதான். லயமோ விடுதியோ, வெயில் விழுகிற பக்கம் நாலு கம்பம், கம்பி, மழைக்கு மேலே ஒரு தகரம், இவ்வளவு போதும். அடுத்த கிளைக் கூட்டத்தில் வீட்டுப் பழுதுகளைச் சொல்லும்போது இதையும் எழுதிக் கொடுங்கள். கூரை ஒழுகும் வீட்டுக்காரர்கள் முதலில் ஒழுக்கைச் சொல்லுங்கள், அந்த வீட்டில் எந்தத் தலகாணியும் காயாது.