வேரை எடுக்க யாரை இறக்குவீர்கள்?

வீடு வாங்கப் போகிறவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள்? பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று, வாஸ்து, போர் தண்ணீர் உப்பா இல்லையா. வாசலில் வேப்பமரம் நின்றால் கூடுதல் சந்தோஷம். அந்த மரத்தின் வேர் கக்கூஸ் குழாய்க்குள் போயிருக்கிறதா என்று கேட்ட ஒருவரையும் விருத்தாசலத்தில் நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் இது பீங்கான் ஊர். நெய்வேலிக் களிமண்ணில் அகல்விளக்கும் பொம்மையும் சுட்டு வெளியூருக்கு அனுப்புகிறோம். செராமிக்குக்கென்றே டிப்ளமோ படிப்பு இங்கே உண்டு. நன்றாகச் சுட்ட குழாயை வேர் துளைக்காது. அது நுழைவது இணைப்பில். பழைய வீடுகளில் ஸ்டோன்வேர் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிச் சிமெண்ட் கலவை பூசியிருப்பார்கள். மண் இறங்கினால் பூச்சு வெடிக்கும். அங்கே கசியும் ஈரத்தைத் தேடி மயிரிழை போன்ற வேர் உள்ளே போய்ச் சடைபிடித்து வளரும். எண்ணெய்ப் பிசுக்கும் துணியும் அதில் சிக்கி, ஒருநாள் மொத்தமாக அடைத்துக்கொள்ளும்.

அப்போது போன் போகும்: "ஒரு ஆள் அனுப்புங்க."

பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு வேற ஆளு" என்பார். தோழர்களே, அந்த "வேற ஆளு" எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையே இல்லாதபடி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சாதியை நாங்கள் பார்ப்பதில்லை என்கிற வீடுகளிலும் இதே போன்தான்.

அடைப்பை உடைத்தால் பின்னால் தேங்கியது பாய்ந்து வரும். சேறு கலங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. மலக்குழிக்குள் விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சாவது இதனால்தான். 1993 முதலான மலக்குழி மரணங்கள் பற்றி ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த பட்டியல்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. சமூகநீதி மண் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த முதலிடத்தையும் சேர்த்துச் சொல்லட்டும்.

"காசு கொடுக்கிறோம், அவங்களாத்தானே வர்றாங்க" என்பார்கள். வேறு வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறீர்களா? 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு நகராட்சிக்கு மட்டுமானதல்ல, தனிநபருக்கும் சேர்த்துத்தான். மீறினால் முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டம், பாதுகாப்புக் கருவி கொடுத்து விதிப்படி இறக்கினால் "அபாயகரமான சுத்திகரிப்பு" ஆகாது என்கிறது. கையுறையும் முகமூடியும் கொடுத்துவிட்டால் சாதி போய்விடுமா? 2023 அக்டோபர் 20 அன்று உச்சநீதிமன்றம் மலக்குழி மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது. அது செத்த பிறகு வரும் பணம்.

மரத்தை வெட்டச் சொல்லவில்லை, மரம் என்ன செய்யும்! குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கலாம். வேரை அறுக்கும் முனை பொருத்திய ஜெட்டிங் இயந்திரத்தை மேலிருந்தே இயக்கலாம். குழாய் கெட்டிருந்தால் தோண்டிப் பிவிசி போடுங்கள். அந்தச் செலவை வீட்டு விலையில் கழித்துக் கேளுங்கள். பெயிண்ட் உரிந்ததற்கெல்லாம் பேரம் பேசுகிறவர்கள்தானே நாம்!

உங்கள் வீட்டில் யாராவது வீடு பார்க்கப் போனால் கூடப் போங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சேம்பர் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். "கடைசியா இதை யார் சுத்தம் பண்ணாங்க, எப்படிப் பண்ணாங்க?" என்று விற்பவரிடம் எல்லோர் முன்னாலும் கேளுங்கள்.