பழைய அம்பாசிடருக்கு எந்த என்ஜின்?

பழைய அம்பாசிடர் ஒன்றை மலிவாக வாங்கி, நட்டு நட்டாகப் பிரித்து, மறுபடி பளபளவென்று ரோட்டில் இறக்க வேண்டும் என்ற ஆசை மெக்கானிக்கல் படிக்கும் பலருக்கும் உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் வண்டி ஷெட்டுக்கு வந்த மறுநாளே ஒரு பட்டிமன்றம் ஆரம்பமாகிவிடும். உள்ளே எந்த என்ஜினைப் போடுவது?

முதலில் போட்டியாளர்களைப் பார்த்துவிடுவோம். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தயாராக ஆரம்பித்த அம்பாசிடர், 2014ல் நின்றுபோனது. வெளித்தோற்றம் அதிகம் மாறாவிட்டாலும் பானெட்டுக்கு அடியில் பல மாற்றங்கள். நெடுங்காலம் ஓடியது 1489 சிசி பி.எம்.சி. பெட்ரோல் என்ஜின். சுமார் 50 குதிரைத்திறன். பிறகு அதே 1489 சிசியில் ஒரு டீசல் வந்தது, அது 40ஐக்கூட எட்டாது. 1990களில் ஜப்பானின் இசுசு நிறுவன வடிவமைப்பில் 1817 சிசி பெட்ரோல் என்ஜின் வந்தது. 75 குதிரைத்திறன், கூடவே 5 கியர். காண்டெசாவிலும் இருந்தது இந்த இசுசுதான்.

டீசலை யாரும் ஆசைப்பட்டுத் தேடிப் போவதில்லை. ஆக, சண்டை பழைய 1489க்கும் இசுசுவுக்கும்தான். பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்குவது எப்போதும் இசுசு. 75 பெரிசா, 50 பெரிசா? கேள்வியே தேவையில்லை என்பார்கள். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் தேடினால் ஒன்று கிடைக்காமலா போகும்?

இங்கேதான் கணக்கு தப்புகிறது. கடைக்காரர் சொல்வது என்ஜின் விலை மட்டும். அந்த என்ஜினை 1489க்காகச் செய்த வண்டியில் ஏற்ற வேண்டுமானால் அதற்கேற்ற கியர்பாக்ஸ் வேண்டும், மவுன்டிங் மாற்ற வேண்டும், புரொபெல்லர் ஷாஃப்ட், கிளட்ச், ரேடியேட்டர், சைலன்சர் குழாய் என்று பட்டியல் நீளும். பழைய மார்க் வகை வண்டிகளில் 4 சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஓட்டத்தைக் கூட்டிவிட்டு நிறுத்தத்தைப் பழையபடியே விட்டால் எப்படி? ஆக பிரேக்குக்கும் செலவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அடுத்தது காகிதம். என்ஜின் நம்பர் ஆர்.சி.யில் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. என்ஜினை மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும் அன்றைக்குத்தான் இதன் அருமை பலருக்குத் தெரியும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத, நம்பர் தேய்க்கப்பட்ட என்ஜின் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். அது திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்தால் படிப்பை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியதுதான் :-)

இன்னொன்றும் உண்டு. 2021ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. 1970களின் அம்பாசிடர்கள் இப்போது அந்த வயதை எட்டிக்கொண்டிருக்கின்றன. இசுசுவை ஏற்றிவிட்டால் அந்தக் கதவு அடைபடும்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு 1489தானா? அதுவும் இல்லை. என்ஜினைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அளவுகோல். வண்டியோடு வந்த என்ஜினைப் பிரித்து லேத் கடையில் கொடுத்து போரையும் கிராங்க்கையும் அளக்கச் சொல்ல வேண்டும். போர் இன்னும் ஸ்டாண்டர்டு சைஸில் இருந்தால் அதிர்ஷ்டம். ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை போர் போட்டிருந்தாலும் ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கிறதா என்று பார்க்கலாம், இல்லையென்றால் ஸ்லீவ் போட்டு மறுபடி ஸ்டாண்டர்டுக்கே கொண்டுவரலாம். கிராங்க்கை அரைப்பதற்கும் எல்லை உண்டு. ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி நுரை கட்டியிருந்தால் தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். கேஸ்கெட் போனதென்றால் சின்னச் செலவு. பிளாக்கே வெடித்திருந்தால்தான் வேறு என்ஜின் தேட வேண்டும். அப்போதும் முதலில் தேட வேண்டியது இன்னொரு 1489. பிறக்கும்போதே இசுசுவோடு பிறந்த வண்டிக்கு, அதே நியாயப்படி இசுசுவையே சரிசெய்ய வேண்டும்.

பழைய என்ஜினை எடுத்தால் இன்றைய பெட்ரோலையும் நினைவில் வைக்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ல் நின்றுவிட்டது. அந்த ஈயத்தை நம்பி ஓடிய ஹெட்டில் வால்வு சீட் தேயும் என்பதால், ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான சீட் போட்டுவிடுவது நல்லது. இப்போது 20 சதவீத எத்தனால் வேறு கலந்து வருகிறது. பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் அது அரித்துவிடும். எத்தனாலைத் தாங்கும் வகை பார்த்து மாற்ற வேண்டும்.

"இவ்வளவும் செய்து கடைசியில் 50 குதிரைதானா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். நான்குவழிச் சாலையில் பறக்கத்தான் ஆசை என்றால் அதற்கு அம்பாசிடரே தேவையில்லை, ஒரு பழைய ஸ்விஃப்ட் போதும். அம்பாசிடரை விரும்புகிறவர் அதன் நிதானத்தையும் சேர்த்துத்தான் விரும்புகிறார்.

மாணவர்களின் புராஜெக்ட் கார்கள் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் திறமைக் குறைவு இல்லை, என்ஜினிலேயே பணம் தீர்ந்துபோவதுதான். பிறகு டிக்கியில் கியர்பாக்ஸோடும் கூரையில் தார்ப்பாயோடும் அந்த வண்டி மழையில் துருப்பிடிக்கும், கடைசியில் காயலான் கடைக்குப் போகும். அதற்கு பதிலாக 50 குதிரையோடு ஊரைச் சுற்றுவது எவ்வளவோ மேல். வண்டி வாங்கும் முன்பே நல்ல லேத் கடைக்காரர் ஒருவரைப் பழக்கம் பிடித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.