கைவினைஞர் வரிசை: ஊர் திரும்பிய அச்சுகள்

வயலின் என்றதும் இசையறிந்தோர் நாவில் முதலில் எழும் பெயர் ஸ்ட்ராடிவாரி. இத்தாலி நாட்டுக் கிரெமோனா நகரில் வாழ்ந்து 1737-இல் மறைந்த அம்மேதையை உலகம் அறியும். அவருடைய பணிக்கருவிகளை மீட்டளித்த ஜூசெப்பே பியோரினியை அறிந்தவர் சிலரே.

ஸ்ட்ராடிவாரிக்குப் பின் தொழிலைத் தொடர்ந்த மைந்தர் இருவரும் சில ஆண்டுகளிலேயே மறைந்தனர். மற்றொரு மைந்தர் பாவோலோ துணி வணிகர். பட்டறையில் எஞ்சிய அச்சுகளையும் வரைபடங்களையும் அவர் குடும்பத்தார் 1775-76-இல் கோட்சியோ என்னும் பிரபுவுக்கு விற்றுவிட்டனர். கிரெமோனாவில் அக்கலையும் மெல்ல மங்கிற்று.

பியோரினி 1861-இல் பொலோனா நகருக்கருகே பிறந்தவர். தந்தையும் வயலின் செய்பவரே. 1889-இல் ஜெர்மனியின் மூனிச் நகரில் குடியேறிப் பெயரும் பொருளும் ஈட்டினார். முதல் உலகப் போர்க் காலத்தில் அந்நகரை விட்டு ஸ்விட்ஸர்லாந்தின் ஜூரிச்சை அடைந்தார். 1920-இல், தாம் ஈட்டிய பொருளில் ஒரு லட்சம் லைரா அளித்து, பிரபுவின் வழிவந்தோரிடமிருந்து அப்பொருள்களை வாங்கினார்.

பழைய மரத்துண்டுகளுக்கு அத்துணைப் பொருளா என்று நேயர்கள் வினவலாம். வயலினின் உருவம் பிறப்பதே அவ்வச்சில்தான். அச்சைச் சுற்றிச் சிறு கட்டைகளைப் பொருத்துவர்; ஒரு மில்லிமீட்டர் அளவே கனமுள்ள மேப்பிள் பட்டைகளைச் சூட்டில் வளைத்து அக்கட்டைகளில் ஒட்டுவர். சட்டம் அமைந்தபின் அச்சை எடுத்துவிடுவர். பின்பலகை மேப்பிள், முன்பலகை ஸ்புரூஸ். இரண்டிற்கும் இடையே நிற்கும் சிறு குச்சியை இத்தாலியர் 'ஆன்மா' என்றே அழைப்பர். அச்சு ஒன்றேயாயினும் கை வளைத்த பட்டை சிறிது மாறுபடுமாதலால், இரு வயலின்கள் முற்றிலும் ஒத்திரா. முடிந்த வயலின் இவ்வழியைச் சொல்லாது, அச்சே சொல்லும்.

அவற்றைக் கொண்டு தாய்நாட்டில் ஒரு பள்ளி நிறுவுவதே பியோரினியின் வேட்கை. அது கைகூடவில்லை. ஆயினும் மனம் சலியாமல், 1930-இல் அனைத்தையும் கிரெமோனா நகருக்கு நன்கொடையாக ஈந்தார். 1934-இல் மூனிச்சில் கண்மூடினார். பள்ளி திறக்கப்பட்டதோ 1938-இல்!

இன்று அந்நகரில் நூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் உள்ளன. 2012-இல் யுனெஸ்கோ கிரெமோனாவின் வயலின் கலையை மானிடப் பொதுமரபாக ஏற்றது. அச்சுகள் அங்குள்ள வயலின் காட்சிச்சாலையில் இருக்கின்றன.

தொழில் தேடி ஊர் பெயர்ந்தவர் பொருள் ஈட்டுவது இயல்பு. ஈட்டிய பொருளால் எதை மீட்டார் என்பதே அவர் புகழுக்கு அளவுகோல். தாம் நட்ட மரத்தின் நிழலில் பியோரினி ஒரு நாளும் அமரவில்லை. ஆயினும் அது நிழல் தருகிறது.